பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ்: ஒவ்வொண்ணா இன்ஸ்டால் பண்றதா, குளோன் பண்றதா? எது லாபம்?



விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு மாறலாம்னா டிபிஎம் 2.0, செக்யூர் பூட், இன்டெல்னா ஏறக்குறைய 8வது தலைமுறை ப்ராசஸர், இதெல்லாம் வேணும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது. 2017க்கு முன்னாடி வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இதுல தேறாது. மெஷின் நல்லாத்தான் ஓடுது, ஆனா அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் இல்லை. இந்த நிலைமைலதான் நிறைய பேர் "புதுசு வாங்கிடலாமா?"ன்னு யோசிக்கிறாங்க.

புதுசு வாங்காம லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம்னு நம்ம சேனல்ல ஏற்கனவே பேசியிருக்கோம். அதுக்கு அடுத்தபடியா வர்ற கேள்விதான் இன்னைக்கு: ஒவ்வொரு மெஷின்லயும் தனித்தனியா லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணணுமா, இல்லை ஒண்ணுல போட்டுட்டு மத்ததுக்கெல்லாம் குளோன் எடுத்துடலாமா? பணம், நேரம், ரிஸ்க்னு மூணு கோணத்துலயும் கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

முதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இன்ஸ்டால்னா புதுசா வீடு கட்டுற மாதிரி. யுஎஸ்பி பென்டிரைவ்ல லினக்ஸைப் போட்டு, அதுல இருந்து மெஷினை ஆன் பண்ணி, ஹார்ட் டிஸ்க்ல சுத்தமா ஏத்துறோம். அந்த மெஷின்ல என்ன ஹார்டுவேர் இருக்குன்னு பார்த்து அதுக்குத் தகுந்த மாதிரி அது தன்னை அமைச்சுக்கும்.

குளோன்னா ஒரு டிஸ்க்ல இருக்கிறதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு எடுக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ், ஃபைல்கள் எல்லாம் அச்சு அசலா வந்துடும். குப்பை இருந்தா குப்பையும் வரும், பாஸ்வேர்டு சேவ் ஆகியிருந்தா அதுவும் வரும். இந்தக் கடைசி வரியை மனசுல வெச்சுக்கங்க, இதுலதான் பண விஷயம் இருக்கு. கீழ விவரமா சொல்றேன்.

குளோனிங்ல ரெண்டு வகை இருக்கு. ஒரு டிஸ்க்ல இருந்து இன்னொரு டிஸ்க்குக்கு நேரடியா எடுக்கிறது ஒண்ணு. டிஸ்க்கை ஒரு இமேஜ் ஃபைலா எக்ஸ்டர்னல் டிரைவ்ல சேமிச்சு வெச்சு, வேணும்கிறப்ப எத்தனை மெஷின்ல வேணும்னாலும் இறக்கிக்கிறது இன்னொண்ணு. ரெண்டையுமே க்ளோன்ஜில்லாங்கிற இலவச சாஃப்ட்வேர் செய்யும். கருப்பு ஸ்கிரீன் பயமா இருந்தா ரெஸ்க்யூஜில்லான்னு ஒண்ணு இருக்கு, அது மவுஸ்ல க்ளிக் பண்ற மாதிரி இருக்கும். அதுவும் இலவசம்தான்.

இருக்கிற விண்டோஸையே எஸ்எஸ்டிக்கு குளோன் பண்ணிடலாமே?

இதை நிறைய பேர் கேக்குறாங்க. பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற விண்டோஸ் 10ஐ அப்படியே எஸ்எஸ்டிக்கு மாத்தினா வேகம் நிச்சயமா கூடும். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவுல படிக்கும்னா, சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி வரைக்கும் போகும். ரொம்பப் பழைய போர்டா இருந்தா பாதிதான் வரும், அதுவே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஆனா வேகம் கூடினாலும் அப்டேட் வராதுங்கிற பிரச்சினை அப்படியேதான் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதனால விண்டோஸைக் குளோன் பண்றது அவகாசம் வாங்குற வேலை, முழுத் தீர்வு இல்லை.

அந்த அவகாசம் யாருக்குத் தேவை?

- டேலி வெச்சுக் கணக்கு எழுதுறவங்களுக்கு. அது விண்டோஸுக்கான சாஃப்ட்வேர்.
- மேக்ரோ வெச்ச எக்ஸெல் ஷீட்டை நம்பி இருக்கிறவங்களுக்கு. லிப்ரே ஆஃபிஸ்ல சாதாரண ஷீட் நல்லாத் திறக்கும், மேக்ரோ பல நேரம் மக்கர் பண்ணும்.
- போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர்ல வேலை பார்க்கிற டிடிபி, ஃப்ளெக்ஸ் கடைக்காரங்களுக்கு.
- டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வெச்சு ஜிஎஸ்டி, டெண்டர் வேலை பார்க்கிறவங்களுக்கு. மாறுறதுக்கு முன்னாடி உங்க டோக்கன் லினக்ஸ்ல வேலை செய்யுதான்னு ஒரு தடவை சோதிச்சே ஆகணும்.

இவங்களும் எல்லா மெஷினையும் விண்டோஸ்லயே வெச்சிருக்கணும்னு இல்லை. கணக்குக்கு ஒரு மெஷினை மட்டும் விண்டோஸ்ல வெச்சுக்கிட்டு, மத்ததுல லினக்ஸ் போட்டுக்கலாம். பிரவுசர்லயே முடியிற வேலைகளான நெட் பேங்கிங், ஆன்லைன்ல வருமான வரி ரிட்டர்ன், யூட்யூப், ஆன்லைன் கிளாஸ், ஷேர் டிரேடிங் இதுக்கெல்லாம் லினக்ஸ் தாராளம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு விண்டோஸை எடுத்து 5 மெஷினுக்குக் குளோன் பண்ணினா 5 லைசென்ஸ் வேணும். லேப்டாப்போட வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்த மதர்போர்டோட கட்டுப்பட்டது, வேற மெஷினுக்குப் போகாது. லினக்ஸ்ல இந்தத் தொல்லையே இல்லை. 50 மெஷினுக்குக் காப்பி எடுத்தாலும் சட்டப்படி சரிதான்.

இப்ப பணக் கணக்கு

ஒரு டியூஷன் சென்டர்ல 8 பழைய டெஸ்க்டாப் இருக்குன்னு வெச்சுக்குவோம். கீழ இருக்கிற விலையெல்லாம் கணக்குக்காக நான் போட்டது. உங்க ஊர்க் கடையில இன்னைக்கு என்ன விலைன்னு கேட்டு மாத்திப் போட்டுக்கங்க.

புதுசு வாங்கினா: ஒண்ணு 30,000 ரூபாய் வீதம் 8க்கு 2,40,000 ரூபாய்.

பழசையே சரி பண்ணினா: எஸ்எஸ்டி 2,500, கூடுதல் ரேம் 1,000. ஒரு மெஷினுக்கு 3,500 ரூபாய். 8க்கு 28,000 ரூபாய்.

மிச்சம் 2,12,000 ரூபாய். இதை 7% வட்டிக்கு எஃப்டில போட்டா வருஷத்துக்கு 14,840 ரூபாய் வரும். அதாவது ரெண்டு வருஷ வட்டியே நீங்க செலவு பண்ணின 28,000த்தைத் தாண்டிடும். லினக்ஸுக்கு ஒரு பைசா கிடையாது. செலவு முழுக்க எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும்தான்.

அடுத்து நேரக் கணக்கு

தனித்தனியா இன்ஸ்டால் பண்ணினா ஒரு மெஷினுக்கு ஒன்றரை மணி நேரம்னு வெச்சுக்கங்க. லினக்ஸ் ஏறுறதுக்கு அரை மணி, அப்டேட்டுக்கு அரை மணி, சாஃப்ட்வேர், தமிழ் கீபோர்டு, பிரின்டர் எல்லாம் செட் பண்ண அரை மணி.

குளோன் முறையில முதல் மெஷினை ரொம்பக் கவனமாத் தயார் பண்ணணும், அதுக்கு 3 மணி நேரம். இமேஜ் எடுக்க 15 நிமிஷம். அப்புறம் ஒவ்வொரு மெஷினுக்கும் இமேஜ் இறக்கி, பேர் மாத்தி, சரி பார்க்க 30 நிமிஷம்.

- 2 மெஷின்: இன்ஸ்டால் 3 மணி நேரம், குளோன் 3 மணி 45 நிமிஷம்.
- 3 மெஷின்: இன்ஸ்டால் 4 மணி 30 நிமிஷம், குளோன் 4 மணி 15 நிமிஷம்.
- 4 மெஷின்: இன்ஸ்டால் 6 மணி நேரம், குளோன் 4 மணி 45 நிமிஷம்.
- 8 மெஷின்: இன்ஸ்டால் 12 மணி நேரம், குளோன் 6 மணி 45 நிமிஷம்.

ஆக, ஒண்ணு ரெண்டு மெஷினுக்குக் குளோன் நஷ்டம். மூணுக்கு ஏறக்குறைய சமம். நாலுக்கு மேல போனா குளோன் லாபம்.

ஆனா இந்த லாபம் எவ்வளவு? உங்க ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய் மதிப்புன்னா, 8 மெஷினுக்கு 5 மணி 15 நிமிஷம் மிச்சம், அதாவது 1,050 ரூபாய். 2,12,000 எங்கே, 1,050 எங்கே! இன்ஸ்டாலா குளோனாங்கிற குழப்பத்துலயே ஆறு மாசம் உக்கார்ந்திருக்க வேண்டாம்னுதான் இதைச் சொல்றேன். எந்த வழியில போனாலும் பெரிய மிச்சம் உங்களுக்கு வந்துடுது.

அப்போ குளோனோட உண்மையான மதிப்பு என்ன? முதல் நாள் வேலையில இல்லைங்க, அடுத்த ரெண்டு வருஷத்துலதான் இருக்கு. ஒரு பையன் எதையோ நோண்டி சிஸ்டம் ஓப்பன் ஆகலை. பரீட்சை நேரம் வேற. இமேஜ் கையில இருந்தா அரை மணி நேரத்துல பழையபடி ஆக்கிடலாம். இல்லைன்னா மெக்கானிக் வர்ற வரைக்கும் ஒரு சீட் காலி. அவசர கால நிதின்னு நம்ம சேனல்ல சொல்வோமே, அதே மாதிரிதான் இதுவும். தேவைப்படுறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிருந்தாத்தான் பிரயோஜனம்.

அதனால என் பரிந்துரை இதுதான்: மெஷின் ஒண்ணோ ரெண்டோ இருந்தா இன்ஸ்டால் பண்ணுங்க. நாலுக்கு மேல, அதுவும் ஒரே மாடலா இருந்தா குளோன் பண்ணுங்க. எந்த வழியில போனாலும் வேலை முடிஞ்சதும் ஒரு இமேஜ் எடுத்து வெச்சுக்கங்க.

குளோன் எங்கே சறுக்கும்?

1. மாடல் வேற வேறயா இருந்தா. லினக்ஸ்ல டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னல்லயே இருக்கிறதால, ஒரு மெஷின்ல எடுத்த இமேஜ் வேற மாடல்லயும் பல நேரம் ஓடிடும். விண்டோஸைவிட இதுல லினக்ஸ் ரொம்பப் பரவாயில்லை. ஆனா என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, பிராட்காம் வைஃபை இதெல்லாம் இருந்தா தனியா டிரைவர் வேலை வரும். 8ல 5 ஒரே மாடல், 3 வேற வேறன்னா, அந்த 5க்கு மட்டும் குளோன் பண்ணிட்டு மத்த 3க்கு இன்ஸ்டால் பண்ணிடுங்க.

2. பயாஸ் முறை மாறினா. புது மெஷின்கள் யுஇஎஃப்ஐ முறையில பூட் ஆகும், ரொம்பப் பழசு லெகஸி பயாஸ்ல பூட் ஆகும். ஒரு முறையில மட்டும் பூட் ஆகிற மாதிரி போட்ட இமேஜ் இன்னொண்ணுல எழுந்திருக்காது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லா மெஷின்லயும் பயாஸ் உள்ள போய்ப் பார்த்து எழுதி வெச்சுக்கங்க.

3. டிஸ்க் சின்னதா இருந்தா. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்ல எடுத்த இமேஜை 240 ஜிபி எஸ்எஸ்டில இறக்கப் போனா க்ளோன்ஜில்லா சாதாரணமா ஒத்துக்காது. உள்ள 20 ஜிபிதான் இருக்குன்னாலும் சரி. போகப்போற டிஸ்க் சமமாவோ பெருசாவோ இருக்கணும். அதனால இருக்கிறதுலயே சின்ன எஸ்எஸ்டி எதுவோ, அதுலதான் முதல் மெஷினைத் தயார் பண்ணணும்.

4. டிஸ்க்கே சாகப்போற நிலைமைல இருந்தா. பழைய ஹார்ட் டிஸ்க்ல டக் டக்னு சத்தம், ஃபைல் திறக்க நேரம் ஆகுதுன்னா முதல்ல போட்டோ, டாக்குமென்ட்டைக் காப்பி எடுங்க. டிஸ்க்ஸ்ங்கிற ஆப்ல ஸ்மார்ட் ரிப்போர்ட் பார்க்கலாம். அடிபட்ட டிஸ்க்கைக் குளோன் பண்றதுல அர்த்தமே இல்லை. எஸ்எஸ்டில புதுசா இன்ஸ்டால் பண்றதுதான் சரி.

5. ரெண்டு மெஷினுக்கும் ஒரே அடையாளம் இருந்தா. குளோன் பண்ணினா கம்ப்யூட்டர் பேர், உள்ளுக்குள்ள இருக்கிற மெஷின் ஐடி எல்லாம் ஒண்ணாவே இருக்கும். சில நெட்வொர்க்ல ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி முகவரி வந்து, மாத்தி மாத்தி நெட் கட் ஆகும். இமேஜ் எடுக்கிறதுக்கு முன்னாடி மெஷின் ஐடி ஃபைலைக் காலி பண்ணிட்டா, ஒவ்வொரு மெஷினும் முதல் தடவை ஆன் ஆகும்போது புது ஐடி உருவாக்கிக்கும்.

இதைப் பண்ணவே கூடாது

உங்க சொந்த வீட்டு கம்ப்யூட்டரை மாஸ்டரா வெச்சு மத்த மெஷின்களுக்குக் குளோன் எடுக்காதீங்க. பிரவுசர்ல சேவ் ஆன பேங்க் பாஸ்வேர்டு, லாகின் ஆகி இருக்கிற ஜிமெயில், வைஃபை பாஸ்வேர்டு, பான் கார்டு ஸ்கேன், எல்லாம் அத்தனை மெஷினுக்கும் போயிடும். டெலீட் பண்ணிட்டேன்னு நினைக்கிற ஃபைலோட சுவடுகூட டிஸ்க்ல இருக்கலாம். 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அக்கவுன்ட்டையே திறந்து வெச்ச கதை ஆயிடும்.

மாஸ்டர் மெஷின் எப்பவுமே புதுசா இன்ஸ்டால் பண்ணினதா இருக்கணும். அதுல யாரும் எந்த அக்கவுன்ட்லயும் லாகின் பண்ணியிருக்கக் கூடாது.

அதே மாதிரி கழட்டின பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடாதீங்க. மூணு மாசம் பேக்கப்பா வெச்சிருங்க. ஏதாவது ஃபைல் விட்டுப்போச்சுன்னா எடுத்துக்கலாம். அப்புறம் முழுசா அழிச்சுட்டுக் கொடுங்க. சாதாரண குவிக் ஃபார்மேட் போதாது, டிஸ்க் முழுக்க எழுதி அழிக்கணும்.

செய்முறை சுருக்கமா

1. ஆழம் பார்த்துட்டு இறங்குங்க. லினக்ஸ் மின்ட் பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே அதுல இருந்து ஓட்டிப் பாருங்க. வைஃபை, சவுண்டு, கேமரா, பிரின்டர் நாலும் வேலை செய்யுதான்னு பாருங்க. பழைய ஹெச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் ஈஸியா எடுத்துக்கும். நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைகள்ல நிறைய இருக்கிற கேனான் எல்பிபி 2900 லினக்ஸ்ல கொஞ்சம் பாடு படுத்தும். அதை நம்பித் தொழில் பண்றவங்க இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

2. எந்த லினக்ஸ்? 4 ஜிபி ரேம் இருந்தா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 8 ஜிபி இருந்தா சின்னமன் பதிப்பு, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. 2 ஜிபிதான் இருக்குன்னா லுபுன்டு மாதிரி லேசானதைப் பாருங்க, ஆனா பிரவுசர்ல நாலு டேப் திறந்தா திணறும்னு தெரிஞ்சே இறங்குங்க.

3. மாஸ்டரைத் தயார் பண்ணுங்க. மின்ட் பென்டிரைவ்ல பூட் ஆகும்போது ஓஇஎம் இன்ஸ்டால்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா, யூசர் பேரும் பாஸ்வேர்டும் ஒவ்வொரு மெஷினும் முதல் தடவை ஆன் ஆகும்போதுதான் கேக்கும். குளோனுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அப்டேட், லிப்ரே ஆஃபிஸ், விஎல்சி, தமிழ்99 கீபோர்டு எல்லாம் இதுலயே போட்டு முடிச்சுடுங்க.

4. இமேஜ் எடுங்க. க்ளோன்ஜில்லா பென்டிரைவ்ல பூட் பண்ணி, டிவைஸ்-இமேஜ் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்டர்னல் டிரைவ்ல சேமிங்க. டேட்டா இருக்கிற இடத்தை மட்டும்தான் இது காப்பி எடுக்கும். 20 ஜிபி டேட்டாவை நொடிக்கு 30 எம்பி போற பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்ல எடுத்தாக்கூட 11 நிமிஷம்தான். காலி இடத்தையும் சேர்த்து 500 ஜிபியையும் எடுக்கிற முறையில போனா அதே போர்ட்ல நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும்.

5. இறக்கும்போது திசையைப் பாருங்க. இங்கேதான் ஒரு நிமிஷம் நிதானம் வேணும். எந்த டிஸ்க்ல இருந்து எந்த டிஸ்க்குக்குன்னு கேக்கும். மாத்திக் கொடுத்தா டேட்டா இருக்கிற டிஸ்க் அழிஞ்சுடும், திரும்ப வராது. டிஸ்க்கோட மாடல் பேரையும் அளவையும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் ஓகே கொடுக்கணும். தேவையில்லாத டிஸ்க்கையெல்லாம் கழட்டி வெச்சுட்டா இந்தப் பயமே இல்லை.

6. முதல் பூட். டிஸ்க்ல இருந்து டிஸ்க்குக்கு நேரடியா குளோன் பண்ணியிருந்தா, பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் ஆன் பண்ணணும். ரெண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கிறதால எதுல இருந்து பூட் ஆகிறதுன்னு சிஸ்டம் குழம்பும். அப்புறம் கம்ப்யூட்டர் பேரை மாத்துங்க, லேப்1, லேப்2ன்னு வெச்சா போதும்.

எந்த மெஷினுக்குச் செலவே பண்ணக்கூடாது?

எல்லாப் பழசையும் காப்பாத்தணும்னு இல்லை. 32 பிட் ப்ராசஸர் மட்டும் இருக்கிற மெஷினா இருந்தா விட்டுடுங்க. மின்ட் 22 எல்லாம் 64 பிட் மட்டும்தான். டெபியன் 12ல 32 பிட் இருந்தது, 2025ல வந்த டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திட்டாங்க. ரேம் 2 ஜிபிக்கு மேல ஏத்தவே முடியாத போர்டு, அடிக்கடி தானா ஆஃப் ஆகுற மெஷின், இதுக்கெல்லாம் எஸ்எஸ்டி வாங்கிப் போடறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரி.

நான் சொல்ற அளவுகோல் சிம்பிள். சரி பண்ற செலவு, அதைவிட நல்ல செகண்ட் ஹேண்ட் மெஷினோட விலையில மூணுல ஒரு பங்கைத் தாண்டினா பண்ண வேண்டாம். 9,000 ரூபாய்க்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கிடைக்குதுன்னா, பழசுக்கு 3,000க்கு மேல போடாதீங்க. ஒரு ஆறுதல் என்னன்னா, வாங்கின எஸ்எஸ்டி வீணாகாது. நாளைக்கு மெஷின் போனாலும் எஸ்எஸ்டியைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிக்கலாம்.

இந்த வாரக் கடைசியில பண்ண வேண்டிய முதல் வேலை ஒண்ணுதான். ஒரு நோட்டுல உங்ககிட்ட இருக்கிற மெஷின் ஒவ்வொண்ணோட மாடல், ரேம், டிஸ்க் அளவு, பயாஸ் முறை, அதுல கட்டாயம் ஓட வேண்டிய சாஃப்ட்வேர், இந்த அஞ்சையும் எழுதுங்க. எதுக்கு இன்ஸ்டால், எதுக்கு குளோன், எதை விண்டோஸ்லயே விடணும், எதை விக்கணும்னு அந்தப் பட்டியலே சொல்லிடும். எஸ்எஸ்டி வாங்கக் கடைக்குப் போறது அதுக்கப்புறம்தான்.

க்ளோன்ஜில்லா ஸ்கிரீன் ஒவ்வொண்ணும் எப்படி வரும், மெஷின் ஐடியைக் காலி பண்ற கமாண்டு என்னங்கிறதை நம்ம சேனல் வீடியோல படிப்படியா காட்டியிருக்கேன், வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க. பழைய கம்ப்யூட்டரை மூலையில போட்டு வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா இந்தப் பதிவை அவங்களுக்கும் அனுப்புங்க.